ஏற்காடு ஏற எந்த எரிபொருள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு சேலம் அஸ்தம்பட்டியில். மனைவியின் ஊர் ஏற்காடு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாக, மாதம் இரண்டு தடவையாவது அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்குகிறேன். முதலில் 1.2 லிட்டர் பெட்ரோல் கார், நடுவில் ஐந்து வருடம் டீசல், இப்போது மறுபடியும் பெட்ரோல். மைத்துனரிடம் இருப்பது சிஎன்ஜி வண்டி. பங்க்கில் நிரப்பும்போதெல்லாம் லிட்டரையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். இந்தப் பழக்கத்துக்கு வீட்டில் நல்ல பெயர் இல்லை. நோட்டு இருப்பது தெரிந்து சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. கணக்குப் பார்க்கிற ஆள், அவ்வளவுதான்.

ஏற்காடு போனால் மைலேஜ் பாதியாகிவிடுகிறதே, பெட்ரோல் சரியில்லையா?

பெட்ரோல் மேல் பழி போடுவதற்கு முன் ஒரு கணக்கு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆக, காரையும் உள்ளே இருப்பவர்களையும் 1,200 மீட்டர் தூக்கி வைக்க வேண்டும். நாலு பேர் உட்கார்ந்த சின்னக் கார் 1,300 கிலோ என்று வையுங்கள். அதைத் தூக்க மட்டும் சுமார் 15 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது 32 மெகாஜூல். அரை லிட்டர் போதுமே என்று தோன்றும். ஆனால் எஞ்சின் தனக்குக் கொடுத்ததில் முப்பது சதவீதத்தைத்தான் சக்கரத்துக்குத் தரும். மற்றது ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாகப் போய்விடும். எனவே தூக்குவதற்கு மட்டும் ஒன்றரை லிட்டருக்கு மேல். சாலையில் உருண்டு போகிற செலவு தனி.

அடிவாரத்திலிருந்து மேலே இருபது கிலோமீட்டர் சொச்சம். அதற்கு இரண்டரை லிட்டர் போனால் லிட்டருக்கு எட்டு, ஒன்பதுதான் வரும். என் கார் டிஸ்ப்ளேயும் ஏறும்போது அதையேதான் காட்டுகிறது. நல்ல விஷயம் என்னவென்றால், திரும்பி இறங்கும்போது ஏறக்குறைய ஒன்றுமே செலவாகாது. போய் வந்த முழுப் பயணத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் 15 வருகிறது. ஏறும்போது மட்டும் பார்த்துவிட்டு வண்டியை ஒர்க் ஷாப்பில் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இந்த ஒன்றரை லிட்டர் உங்கள் காரின் எடைக்கான விலை. அதை எந்தப் பங்க்கும் எந்த பிராண்டும் குறைக்க முடியாது.

மேலே போகப் போக வண்டி சோர்ந்துபோகிற மாதிரி இருக்கிறது. இது பிரமையா?

நிஜம்தான். ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 85 சதவீதம். ஒரு சிலிண்டர் ஒவ்வொரு முறையும் இழுக்கிற காற்றின் கொள்ளளவு மாறாது, ஆனால் அதில் இருக்கிற ஆக்சிஜன் குறைவு. ஆக்சிஜன் குறைந்தால் எரிக்க முடிகிற பெட்ரோலும் குறையும். மேலே குளிர்ச்சி இருப்பதால் காற்று கொஞ்சம் அடர்த்தியாகி இதில் ஒரு பகுதியை ஈடுகட்டும். அப்படியும் டர்போ இல்லாத எஞ்சினுக்குச் சேலத்தோடு ஒப்பிட்டால் பத்து சதவீதம் போல பலம் போய்விடும்.

டர்போ வண்டிக்கு இந்தச் சோர்வு அவ்வளவாகத் தெரியாது, மெல்லிய காற்றை அது அமுக்கி உள்ளே தள்ளிவிடும். கார்புரேட்டர் காலத்து அம்பாசிடரும் பியட்டும் பட்ட பாடு வேறு: காற்று குறைந்தாலும் அவை பழைய அளவிலேயே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும், மேலே போகும்போது கரும்புகை தள்ளும். இன்றைய காரில் சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அளவைச் சரிசெய்துவிடுகிறது. புகை இல்லை. பலக்குறைவு மட்டும் இருக்கிறது.

95, 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் மலையில் நன்றாக இழுக்குமா?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இது. ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைச் சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். அது பொறுமையைச் சொல்கிறது. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து நெருக்கப்படும்போது சூடேறும். பிளக் பொறி வைக்கும்வரை அந்தக் கலவை காத்திருக்க வேண்டும். சரவெடியில் திரி போய்ச் சேரும் முன்னே, பக்கத்து வெடியின் சூட்டிலேயே ஒரு மூலை தானாக வெடித்தால் எப்படியோ, அப்படித்தான் நாக்கிங். அதைத் தாங்கிக் காத்திருக்கும் திறன்தான் ஆக்டேன். உங்கள் எஞ்சினுக்கு 91 போதும் என்று வடிவமைத்திருந்தால், 100 போட்டாலும் அது அதே வேலையைத்தான் செய்யும். பொறுமை அதிகமுள்ள ஆளை வரிசையில் நிறுத்தினால் வரிசை வேகமாக நகருமா?

அடுத்து, மலைக்கென்றே உள்ள விஷயம். மேலே போகப் போகச் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது, எனவே டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஆக்டேன் தேவையும் குறையத்தான் செய்யும். அமெரிக்காவில் ராக்கி மலை மாநிலங்கள் சிலவற்றில் சமவெளியைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலைத்தான் சாதாரண பெட்ரோலாக விற்கிறார்கள். நம் ஊரில் 'மலைக்குப் போறோம், அதனால நல்லது போடுங்க' என்று அதிக விலை பெட்ரோலைக் கேட்டு வாங்குகிறோம். விஞ்ஞானம் நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்6 விதிப்படி சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91 ஆக்டேன். பெட்ரோலில் கலக்கிற எத்தனால் என்ற ஆல்கஹாலின் ஆக்டேனோ 108-க்கு மேல். அது இருபது சதவீதம் கலந்ததும் சாதாரணப் பெட்ரோலே 95-ஐத் தொட்டுவிடுகிறது என்று அரசே விளக்கியிருக்கிறது. அப்படியானால் '95' என்ற எண்ணுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுப்பதில் என்ன இருக்கிறது? அதில் சேர்க்கும் துப்புரவு மருந்துகளுக்காக என்றால் சரி, அது வேறு பேச்சு.

யாருக்கு உதவும்? காருடன் வந்த கையேட்டிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ 95 அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருந்தால் போட்டே ஆகவேண்டும். டர்போ பெட்ரோல் கார் சிலவற்றில் நாக்கிங்கைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் இருக்கும்; ஆக்டேன் கூடினால் பொறி நேரத்தை முன்தள்ளி எஞ்சின் கொஞ்சம் கூடுதல் பலம் எடுத்துக்கொள்ளும். சேலத்தில் ஏப்ரல், மே மாத நடுப்பகல் வெயிலில் ஏசி போட்டு, ஐந்து பேரோடு அடிவாரத்தில் ஏறத் தொடங்குகிற அந்த முதல் சில வளைவுகளில்தான் அந்த வித்தியாசத்தை உணரலாம். உச்சியில் இல்லை.

காசுக் கணக்கு எளிது. விலை எட்டு சதவீதம் கூட என்றால் மைலேஜும் எட்டு சதவீதம் ஏற வேண்டும். நான் நாலு டேங்க் போட்டுப் பார்த்தேன், என் 1.2-இல் நோட்டுக்குத் தெரிகிற அளவுக்கு ஒன்றும் ஏறவில்லை.

வளைவில் 'டொக் டொக்' என்று சத்தம் வருகிறது. ஆக்டேனை ஏற்ற வேண்டுமா?

முதலில் கியரைப் பாருங்கள். மூன்றாவது கியரில் 20 கி.மீ. வேகத்துக்கு இறங்கிவிட்டு ஆக்சிலேட்டரை அழுத்தினால் எந்த எஞ்சினும் தட்டும். இரண்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் சத்தம் நின்றுவிடும். நிற்காவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கரி படிந்திருக்கலாம், பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கலாம். மண்ணெண்ணெய் ஆக்டேனைப் படுபாதாளத்துக்குக் கொண்டுபோய்விடும்.

இ20 (இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்த பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது என்கிறார்கள். உண்மையா?

உண்மை. எவ்வளவு என்பதில்தான் சண்டை.

எத்தனால் ஒரு லிட்டரில் 21 மெகாஜூல்தான் இருக்கிறது, பெட்ரோலில் 32. இருபது சதவீதம் எத்தனால் கலந்தால் லிட்டருக்குள் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஏழு சதவீதம் குறையும். கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால்தான் இந்த ஏழு. நாம் அதற்கு முன்பே பத்து சதவீதம் கலந்த இ10-க்குப் பழகியிருந்தோம். அதிலிருந்து பார்த்தால் குறைவது மூன்றரை சதவீதம் போல. லிட்டருக்கு 17.4 கொடுத்த கார் 16.8 கொடுக்கும்.

நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும் இதை ஒளிக்கவில்லை. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து இ10-க்கு ஒத்தபடி சரிசெய்த நாலு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையும், இ10-க்கு வடிவமைத்து இ20-க்குச் சரிசெய்த வண்டிகளில் 1 முதல் 2 சதவீதம் குறையும் என்று அதில் இருக்கிறது. எத்தனால் ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றை நன்றாகக் குளிர்விக்கும், ஆக்டேனும் அதிகம். அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி அமைத்த எஞ்சின் இழந்ததில் பாதியை மீட்டுவிடும். பழைய எஞ்சினுக்கு அந்த வழி இல்லை.

'எனக்கு இருபது சதவீதம் போச்சு' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆற்றல் கணக்கு அந்த அளவுக்கு இடம் கொடுக்காது. டயரில் காற்று, அடைத்த ஏர் ஃபில்டர், ஐந்து ரோடு சிக்னலில் ஏசி போட்டு நிற்கிற நேரம், இவற்றையும் விசாரிக்க வேண்டும். ஆனால் அவர்களின் கோபத்தில் ஒரு பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆற்றல் குறைந்த லிட்டரைப் பழைய விலைக்கே வாங்குகிறோம், பக்கத்தில் வேறு குழாயும் இல்லை. பால்காரர் தண்ணீர் கலந்து அதே விலை சொன்னால் சும்மா இருப்போமா?

என் கார் 2015 மாடல். இ20 போட்டால் கெட்டுப்போகுமா?

2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் இ20-ஐத் தாங்கும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களோடு வருகின்றன. அதற்கு முந்தையவற்றில் ஹோஸ், கேஸ்கெட், சீல் போன்றவை சீக்கிரம் காய்ந்து வெடிக்கவோ ஊறவோ வாய்ப்பு உண்டு. ஒரே நாளில் எஞ்சின் போய்விடாது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ஃபியூல் ஹோஸைப் பார்க்கச் சொல்லுங்கள். பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால் அன்றே பாருங்கள். ஹோஸ் விலை சில நூறு ரூபாய்தான், ஆனால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் அது விலைக் கணக்கில் வராது.

நிறுத்தியே வைத்திருக்கும் வண்டிக்கு இன்னொரு தொல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஏற்காட்டுப் பங்களாக்களில் மழைக்காலம் முழுக்க மூடுபனியில் அசையாமல் நிற்கும் கார்கள் நிறைய. டேங்க்கில் ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பெட்ரோல் பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள், உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் இருக்காது. பத்து நாளுக்கு ஒருமுறை ஏரி வரை ஒரு சுற்றுப் போய் வந்தால் இன்னும் நல்லது.

நம் ஊர் மரவள்ளிக் கிழங்கிலிருந்தும் எத்தனால் எடுக்கலாமாமே?

எடுக்கலாம். 2018-இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றோடு மரவள்ளியையும் பட்டியலில் வைத்திருக்கிறது. சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குப் போகும் கிழங்கை டேங்க்குக்குத் திருப்பலாமா என்பதை ஆத்தூர்ப் பக்கத்து விவசாயியிடம் கேளுங்கள். விலை எங்கே கிடைக்கிறதோ அங்கே என்பார்.

மலைக்கு டீசல்தான் சரி என்கிறார்களே?

சுகத்துக்கு டீசல்தான். நான் ஐந்து வருடம் ஓட்டினேன், இன்னும் மனசில் இருக்கிறது. டீசல் எஞ்சின் பொறி வைக்காது. காற்றை மிகக் கடுமையாக நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எரியவைக்கும். நெருக்கம் அதிகமானால் ஒரே எரிபொருளிலிருந்து எடுக்கும் வேலையும் அதிகம். காற்றை மூடித் திறக்கும் த்ராட்டில் தடையும் பெரிதாக இல்லை. லிட்டருக்கு ஆற்றலும் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட, 36 மெகாஜூல் போல. எல்லாம் சேர்ந்துதான் அந்த மைலேஜ். இழுவை நிமிடத்துக்கு 1,500 சுற்றிலிருந்தே கிடைப்பதால் வளைவைச் சுற்றி வெளியே வரும்போது இரண்டாவது கியரில் அலட்டாமல் ஏறும். டர்போ இருப்பதால் உயரமும் உறைக்காது.

ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபிறகு நிலைமை மாறிவிட்டது. டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10-க்கு இறங்கியது, வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி ஏறியது, சில கார்களில் யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டியிருக்கிறது. அது தீர்ந்துபோனால் வண்டியை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்ய முடியாது. மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. கார் விலையும் அதிகம்.

என் டீசல் காரில் டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது.

நீங்கள் அஸ்தம்பட்டிக்கும் புதிய பஸ் நிலையத்துக்கும் நடுவில் மட்டும் ஓட்டுகிறவராக இருப்பீர்கள். வடிகட்டியில் சேர்ந்த கரி எரிந்து போக சுமார் 600 டிகிரி சூடு வேண்டும், அது நகர ஓட்டத்தில் வராது. ஓமலூர்ப் பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறி, 60-க்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாவிட்டால் சர்வீஸ் சென்டர்தான். விளக்கோடே ஓட்டிக்கொண்டிருந்தால் செலவு பெரிதாகும்.

சிஎன்ஜி கார் ஏற்காடு ஏறுமா?

ஏறும். மைத்துனர் வாரம் தவறாமல் ஏறுகிறார். எப்படி ஏறும் என்பதைச் சொல்கிறேன்.

மாருதியின் 1.2 லிட்டர் நாலு சிலிண்டர் எஞ்சின் பெட்ரோலில் 90 குதிரைத்திறன் தந்தது. அதே எஞ்சின் சிஎன்ஜியில் 77தான். காரணம், பெட்ரோல் திவலையாகப் போய் இடத்தை அடைக்காது; வாயு சிலிண்டருக்குள் இடம் பிடித்துக்கொள்ளும், அந்த அளவுக்குக் காற்று உள்ளே வராது. ஆவியாகிக் குளிர்விக்கிற வேலையும் இல்லை. இதற்கு மேல் ஏற்காட்டின் மெல்லிய காற்று பத்து சதவீதத்தைப் பிடுங்கிக்கொள்ளும். பெருக்கிப் பார்த்தால் சேலத்தில் பெட்ரோலில் இருந்த பலத்தில் முக்கால்தான் மேலே மிஞ்சும். இத்தோடு சிலிண்டரின் எடை வேறு.

எனவே ஆள் நிறைந்திருந்தால் அடிவாரத்திலேயே சுவிட்சைப் பெட்ரோலுக்குத் தள்ளிவிடுங்கள். தனியாகப் போனால் கேஸிலேயே போகலாம், முன்னால் லாரி இருந்தால் முந்த நினைக்காதீர்கள். இறங்கும்போது கேஸ்.

சமவெளியில் சிக்கனம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் '30 கொடுக்குது' என்று பெட்ரோல் காரோடு நேராக ஒப்பிடாதீர்கள். சிஎன்ஜியை விற்பது கிலோ கணக்கில். ஒரு கிலோ சிஎன்ஜியில் இருக்கும் ஆற்றல் ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். ஆக அந்த 30 என்பது ஆற்றல் கணக்கில் பெட்ரோல் காரின் 20 மாதிரிதான். லாபம் வருவது எரிபொருளின் விலையால், எஞ்சினின் சாமர்த்தியத்தால் இல்லை. ஒரு கிலோவுக்கும் ஒரு லிட்டருக்கும் ரூபாய் எவ்வளவு என்று போட்டு, கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்று பாருங்கள். அதுதான் சரியான ஒப்பீடு.

சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். உள்ளே 200 பார் அழுத்தம், விளையாட்டில்லை. மைத்துனரை நான் இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது.

பழைய காருக்கு எல்பிஜி கிட் போடலாமா?

அங்கீகரித்த கிட், ஆர்சி புத்தகத்தில் பதிவு, ஆட்டோ எல்பிஜி பங்க், இவை மூன்றும் இருந்தால் போடலாம். லிட்டருக்கு ஆற்றல் 25 மெகாஜூல்தான், எனவே மைலேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறையும். வீட்டுச் சிலிண்டரிலிருந்து நிரப்பிக்கொள்ளும் வேலை சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து.

இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகுமே?

ஆகாது. கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை இது, இன்னும் சாகவில்லை. இன்ஜெக்ஷன் காரில் கியர் போட்டபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றும். கணினி பெட்ரோலை முழுவதுமாக நிறுத்திவிடும். செலவு பூஜ்யம். நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடித்தாக வேண்டும், மணிக்கு முக்கால் லிட்டர் போல. முக்கால் மணி நேரம் இறங்கினால் அரை லிட்டருக்கு மேல் வீணாக எரிந்திருக்கும்.

காசை விடுங்கள். நியூட்ரலில் முழு எடையும் பிரேக் மேல் விழும், பத்தாவது வளைவுக்குள் பிரேக் கருகுகிற வாடை வரும், அதன்பின் மிதித்தாலும் பிடிக்காது. தர்மபுரி சாலையில் தொப்பூர் கணவாயைத் தெரியாதவர் நம் பக்கத்தில் இல்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கிய லாரிகள் அங்கே என்ன செய்தன என்பதும் தெரியும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் நிலைக்கோ 'எல்' நிலைக்கோ மாற்றுங்கள்.

எலெக்ட்ரிக் கார், ஹைபிரிட் எல்லாம் மலைக்குச் சரிப்படுமா?

எலெக்ட்ரிக் காருக்கு மெல்லிய காற்று ஒரு பொருட்டே இல்லை, அது மூச்சு விடுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியிருக்கிறார். ஆட்களோடு 1,700 கிலோ என்று வைத்தால் 1,200 மீட்டர் தூக்க ஆறு யூனிட் போல ஆகும். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மூன்று யூனிட் போலத் திருப்பித் தரும். பெட்ரோல் காரில் இறங்கும்போது செலவு பூஜ்யம் என்று பெருமைப்பட்டேன். இவருக்கு வரவே வருகிறது.

ஒரு எச்சரிக்கை: ஏற்காட்டில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது. பேட்டரிக்கு இடம் இல்லாவிட்டால் மோட்டார் பிடித்து நிறுத்துவது குறைந்துவிடும், முழுப் பொறுப்பும் பிரேக்குக்கு வந்துவிடும். 80, 85-இல் நிறுத்திக்கொண்டு இறங்குங்கள்.

ஹைபிரிட் நகரத்துக்குப் பிரமாதம். மலையில் அதன் சின்ன பேட்டரி சில வளைவுகளிலேயே தீர்ந்து எஞ்சின் கத்தத் தொடங்கும். இறங்கும்போதும் சீக்கிரமே நிறைந்துவிடும்.

காலையில் நிரப்பினால் அதிகம் கிடைக்குமா? 500 ரூபாய்க்குப் பதில் 510 ரூபாய்க்குப் போட வேண்டுமா?

பங்க்கின் தொட்டி பூமிக்கடியில் இருக்கிறது, அங்கே காலையும் மதியமும் ஏறக்குறைய ஒரே சூடு. முழுத் தொகைக்குப் போட்டால் ஏமாற்றுவார்கள் என்கிற 510 ரூபாய் மந்திரத்துக்கும் மீட்டருக்கும் சம்பந்தமில்லை. பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு நிரப்பச் சொல்லுங்கள், போதும். 'மலைக்குப் போகிறோம், ஃபுல் டேங்க் பாரம்' என்ற கவலையும் வேண்டாம். நாற்பது லிட்டர் பெட்ரோல் முப்பது கிலோ. அதை ஏற்காடு வரை தூக்க ஆகும் கூடுதல் செலவு நாற்பது மில்லிகூட இல்லை. டிக்கியில் மறந்துபோய்க் கிடக்கும் பழைய சாமான்களை முதலில் இறக்குங்கள்.

பெட்ரோலில் கலப்படம் என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வது?

எனக்கே நடந்திருக்கிறது. ஒரு ஐப்பசி மழையில், அவசரமாக வழியில் கிடைத்த ஒரு பங்க்கில் நிரப்பிக்கொண்டு ஏறினேன். ஏழாவது வளைவில் வண்டி இருமியது, ஒன்பதில் நின்றேவிட்டது. பின்னால் பஸ், பக்கத்தில் குழந்தையோடு மனைவி. அடிவாரத்து மெக்கானிக் வந்து டேங்க்கை வடித்துப் பாட்டிலில் பிடித்துக் காட்டினார்: அடியில் இரண்டு விரற்கடை கலங்கல், மேலே பெட்ரோல். பில் வாங்கவில்லை, அதனால் எங்கேயும் போய்க் கேட்க முடியவில்லை. அன்றிலிருந்து பில் வாங்காமல் நகர்வதில்லை.

உங்களுக்குள்ள உரிமைகள் இவை. எந்தப் பங்க்கிலும் ஃபில்டர் பேப்பர் கேட்கலாம். குழாய் முனையிலிருந்து ஒரு சொட்டு விட்டு, இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் காய்ந்தால் நல்லது. அளவில் சந்தேகம் என்றால் முத்திரையிட்ட 5 லிட்டர் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். 25 மில்லி வரைதான் முன்னே பின்னே இருக்கலாம். அன்றைய டென்சிட்டியையும் (பெட்ரோலின் அடர்த்தி) எழுதி வைத்திருக்க வேண்டும். கேட்டால் முறைப்பார்கள். கேளுங்கள்.

டேங்க்கில் ஊற்றும் மைலேஜ் மருந்து?

இன்ஜெக்டரில் படிவு உள்ள பழைய வண்டிக்கு ஒருமுறை ஊற்றினால் கொஞ்சம் சுத்தமாகும். மைலேஜ் இருபது சதவீதம் ஏறும் என்று பாட்டில் மேல் எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

புதுசாக வாங்கப் போகிறேன். எதை வாங்குவது?

மாதம் 1,000 கிலோமீட்டருக்குள் என்றால் பெட்ரோல். தினமும் நாமக்கல்லோ ஈரோடோ போய் வருபவர், மலை எப்போதாவது, என்றால் சிஎன்ஜி. சொந்த வீடும் கார் நிறுத்துமிடத்தில் ஒரு பிளக்கும் இருந்தால் எலெக்ட்ரிக்கைத் தைரியமாகப் பார்க்கலாம். ஏழு பேர் குடும்பத்தோடு வாராவாரம் மலையேறுபவருக்கு மட்டும் இன்னும் டீசல் என்பேன். எதை வாங்கினாலும் ஏற்காடு வரை டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். 'அவ்வளவு தூரம் தர மாட்டோம்' என்பார்கள், சரி, கோரிமேடு தாண்டி அடிவாரம் ஏறி இரண்டு வளைவாவது.

உண்மையான மைலேஜை எப்படிக் கண்டுபிடிப்பது?

விளம்பரத்தில் வரும் எண் ஆய்வுக்கூடத்தில், உருளைகள் மேல் ஓட்டி எடுத்தது. அங்கே காற்றும் இல்லை, கொண்டை ஊசி வளைவும் இல்லை. டிஸ்ப்ளே காட்டுவதும் கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கும். என் காரில் நோட்டைவிட ஒன்று கூடக் காட்டுகிறது.

ஒரே பங்க், முடிந்தால் ஒரே குழாய். ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள், அதற்கு மேல் குலுக்கிக் குலுக்கி ஊற்ற விடாதீர்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 300 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு அதே இடத்தில் மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். ஒரு டேங்க்கை வைத்து முடிவு கட்டாதீர்கள், நாலைந்தின் சராசரி வேண்டும். மலைக்குப் போன டேங்க்குக்குப் பக்கத்தில் 'ஏ' என்று ஒரு எழுத்துப் போட்டு வையுங்கள்; இல்லையென்றால் ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது அந்த வாரம் மட்டும் பெட்ரோல் கெட்டிருந்ததாக நினைத்துக்கொள்வீர்கள்.